காசில்லாத ஜோடி, கண் வைக்க வேண்டிய ஜோடி: டிராக்மேட்டும் செல்போஸும்

மருந்து ஊற்றி 24 மணி நேரத்தில் தட்டில் இருந்த செல்களில் பாதி செத்துவிட்டன. இந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு நடப்புகள் ஒளிந்திருக்கலாம். எல்லாச் செல்களும் சிறுகச் சிறுகத் தளர்ந்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் ஒரு கூட்டம் முதல் 6 மணி நேரத்திலேயே போய்விட்டு, மற்றக் கூட்டம் மருந்தைக் கண்டுகொள்ளாமலே கிடந்திருக்கலாம். கடைசியில் எடுக்கும் ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மருந்துக்குத் தப்பும் புற்றுச் செல்லைத் தேடுகிறவருக்கு அந்த இரண்டாவது கூட்டம்தான் வேண்டும். அதைப் பிடிக்க, ஒரே செல்லை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடர வேண்டும்.

அந்த வேலைக்குக் காசில்லாமல் கிடைக்கும் இரண்டு மென்பொருள்களைப் பற்றிய மதிப்பீடு இது. ஒன்று செல்போஸ். படத்தில் எந்தப் பிக்சல் எந்தச் செல்லுக்குச் சொந்தம் என்று எல்லை வரைந்து தரும். இன்னொன்று டிராக்மேட். ஃபிஜி என்ற இலவசப் படப் பகுப்பாய்வு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும், இந்த ஃப்ரேமில் இருக்கும் செல் அடுத்த ஃப்ரேமில் எது என்று கோத்துத் தரும். ராயபுரம் முதல் மாதவரம் வரை மருத்துவமும் கால்நடை மருத்துவமும் உயிரித்தொழில்நுட்பமும் நடக்கிற வடசென்னையில், ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிற நிலையில் எல்லா ஆய்வகமும் இல்லை. அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உட்கருவை ஒளிரவைத்து, 10 மடங்கு லென்ஸில், செல்கள் நெருக்கியடிக்காத தட்டில் எடுத்த படத்தொடருக்கு இந்த ஜோடி தாராளமாகப் போதும். சாயமே இல்லாத ஃபேஸ் கான்ட்ராஸ்ட் படத்தில், தட்டை நிரப்பி வளர்ந்த செல்களுக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு திருத்த வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லாமே படம் எடுத்த விதத்தைப் பொறுத்தது.

எல்லை வரைவது

செல்போஸ் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் கார்சன் ஸ்ட்ரிங்கரும் மாரியஸ் பச்சிடாரியுவும் உருவாக்கியது. ஒவ்வொரு பிக்சலிலும் ‘செல்லின் நடு எந்தப் பக்கம்’ என்று ஓர் அம்புக்குறியை அது கணிக்கிறது. அம்புகளைப் பின்பற்றிப் போகும் பிக்சல்களில் ஒரே புள்ளியில் போய்ச் சேருபவை எல்லாம் ஒரே செல். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செல்களை வெளிச்ச அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாத இடத்தில் இந்த உத்தி நன்றாகக் கைகொடுக்கிறது.

பதிப்பு விஷயத்தில் கவனம் தேவை. 3ஆம் பதிப்பு வரை உட்கருவுக்கு ஒரு மாடல், முழுச் செல்லுக்கு ஒரு மாடல் என்று தனித்தனியாக வந்தன. 4ஆம் பதிப்பில் செல்போஸ்-சாம் என்ற ஒரே பெரிய மாடல்தான். அளவில் 1 ஜி.பி.க்கு மேல், ஜி.பி.யு. என்ற வரைகலைச் செயலி இல்லாத கணினியில் ஆமை வேகம். தரம் கூடியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய பதிப்புக்கு எழுதிய நிரல் புதியதில் பிழை காட்டாமலே வேறு விடை தரக்கூடும். ஒரு திட்டத்தைத் தொடங்கிய பதிப்பிலேயே முடியுங்கள். இரண்டு பதிப்புக்கும் தனித்தனி கோண்டா சூழல் (ஒன்றோடொன்று கலக்காத பைத்தான் நிறுவல்) வைத்துக்கொண்டால் சண்டை வராது.

3ஆம் பதிப்பில் திருக வேண்டிய திருகு மூன்றுதான். விட்டம் முதலாவது: மென்பொருள் படத்தைச் சுருக்கியோ விரித்தோ செல்லின் விட்டத்தை ஏறக்குறைய 30 பிக்சலுக்குக் கொண்டுவந்த பிறகே வேலையைத் தொடங்கும், உட்கரு மாடலில் 17 பிக்சல். விட்டத்தைத் தப்பாகக் கொடுத்தால் ஒரு செல்லை நான்காக வெட்டும், அல்லது நான்கை ஒன்றாகச் சேர்க்கும். அடுத்தது ஃப்ளோ வரம்பு, அம்புகளின் முரண்பாட்டை எவ்வளவு பொறுக்கலாம் என்ற அளவு. தானாக வருவது 0.4. செல்கள் விடுபட்டால் ஏற்றுங்கள், கோணல்மாணலான உருவங்கள் வந்தால் இறக்குங்கள். மூன்றாவது செல் வாய்ப்பு வரம்பு, 0-இல் தொடங்கும். மங்கலான செல்கள் வேண்டுமென்றால் -1, -2 என்று கீழே கொண்டுபோகலாம்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் மாடலுக்கு நீங்களே பாடம் சொல்லித்தரலாம். செல்போஸ் 2.0 வந்த 2022-இல் அதை உருவாக்கியவர்களே காட்டியபடி, திருத்திப் பயிற்றி மறுபடி திருத்தும் முறையில் 100 முதல் 200 செல்களைக் கையால் வரைந்தாலே போதும். இதைச் செய்யும்போது பலரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: முதல் ஃப்ரேமிலிருந்தே 200 செல்களையும் வரைந்துவிடுகிறார்கள். 20ஆவது மணி நேரத்தில் செல்கள் சுருங்கி, சாயம் வெளுத்து, தட்டில் குப்பை சேர்ந்திருக்கும். தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்திலிருந்தும் ஃப்ரேம்களை எடுங்கள். பிரிவதற்காக உருண்டு திரண்ட செல்களையும் விடாமல் சேருங்கள்.

வெறும் உட்கருதான் என்றால் ஸ்டார்டிஸ்ட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். 2018-இல் வந்தது. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர் விட்டு உருவத்தைப் பிடிக்கும். உருண்டையான உட்கருவில் பிசிறில்லாமல் வேலை செய்யும், சாதாரணக் கணினியிலும் ஓடும். நீட்டி நெளிந்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லின் முழு உடலைக் கொடுத்தால் தோற்றுப்போகும்.

கோப்பது

டிராக்மேட் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ழான்-ஈவ் தினவெஸ் முன்னின்று உருவாக்கியது. 2017-இல் கட்டுரை, 2022-இல் ஏழாம் பதிப்பு. ஏழாம் பதிப்பிலிருந்துதான் செல்போஸும் ஸ்டார்டிஸ்ட்டும் இதற்குள்ளேயே இணைந்தன. அதற்கு ஃபிஜியில் அந்தந்த அப்டேட் தளத்தை டிக் செய்து, மறுபடி திறந்து, செல்போஸ் இருக்கும் பைத்தான் சூழலைக் காட்டிவிட வேண்டும். பாதிப் பேர் நிற்கும் இடம் இதுதான். பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள ஃபோல்டர் பெயரைத் தவிர்த்துவிட்டால் கொஞ்சம் தலைவலி குறையும்.

திறந்தவுடன் ‘இசட்டையும் டி-யையும் மாற்றவா’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். டிஃப் படத்தொடரை ஃபிஜி பல சமயம் காலத் தொடராக இல்லாமல் ஆழத் தொடராக எடுத்துக்கொள்ளும். அதற்கும் முன்னால் இமேஜ் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸில் பிக்சல் அளவையும் ஃப்ரேம் இடைவெளியையும் போட்டுவிட வேண்டும். 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் உள்ள கேமராவுக்கு, 10 மடங்கு லென்ஸில் ஒரு பிக்சல் 0.65 மைக்ரோமீட்டர், 20 மடங்கில் 0.325. இதைப் போட மறந்தால் வேகம் எல்லாம் ‘ஃப்ரேமுக்கு இத்தனை பிக்சல்’ என்று வரும். டிராக்மேட்டின் செல்போஸ் பெட்டியில் விட்டத்தை மைக்ரோமீட்டரில் கேட்பார்கள்; செல்போஸைத் தனியாகத் திறந்தால் பிக்சலில் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாடலைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அடுத்து, கோக்கும் வேலைக்கு எந்த டிராக்கர்? சிம்பிள் லாப் என்று ஒன்றும் லாப் என்று ஒன்றும் பட்டியலில் இருக்கும். பெயரைப் பார்த்து எளிமையானதை எடுத்தால் செல் பிரிதல் ஒன்றுகூட வராது. அதில் தடம் இரண்டாகக் கிளைக்கும் வசதியே இல்லை. தாய்-சேய் மரம் வேண்டுமென்றால் லாப் எடுத்து, ‘ஸ்ப்ளிட்டிங்’கை இயக்குங்கள். ‘மெர்ஜிங்’கைத் தொடாதீர்கள், பெரும்பாலான செல் வகைகளில் இரண்டு செல் ஒன்றாவது நடக்காது, அது எல்லை வரைந்ததில் உள்ள பிழையைத் தடமாக மாற்றிக் காட்டும்.

இணைக்கும் அதிகபட்ச தூரம் 15 என்று தானாக வரும். அதை அப்படியே விடுவது சோம்பேறித்தனம். 20 செல்களைக் கண்ணால் பின்பற்றி, அடுத்தடுத்த ஃப்ரேமுக்குள் நகர்ந்த பெரிய தூரத்தை அளந்து, அதன் ஒன்றரை மடங்கைப் போடுங்கள். அந்த எண் பக்கத்துச் செல்லுக்கு உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டினால் மென்பொருளைத் திருகிப் பயனில்லை. படத்தையே இன்னும் நெருக்கமான இடைவெளியில் எடுத்திருக்க வேண்டும். ‘மேக்ஸ் ஃப்ரேம் கேப்’ 2 என்று இருப்பதற்கு நடுவில் ஒரு ஃப்ரேம் விடுபட்டால் பொறுத்துக்கொள்ளும் என்று பொருள். 5, 6 என்று ஏற்றினால் செத்த செல்லின் தடத்தை அந்தப் பக்கம் வந்த வேறொரு செல்லோடு முடிச்சுப் போட்டுவிடும்.

இந்த ஜோடியில் எங்களுக்கு உள்ள பெரிய மனக்குறை, பிழையை அது அடக்கமாக வைத்திருப்பது. ஓர் இணைப்பு சரியாக அமைய 99 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்று 24 மணி நேரத்துக்கு 144 ஃப்ரேம், 143 இணைப்பு. 0.99-ஐ 143 முறை பெருக்கினால் 0.24. அதாவது முதலிலிருந்து கடைசி வரை பிசகாத தடம் நூற்றுக்கு 24 மட்டுமே. 99.9 சதவீதமாக உயர்த்தினால் 87 ஆகிறது. டிராக்மேட் தரும் அட்டவணையில் இந்த 24-ம் மற்ற 76-ம் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில்தான் இருக்கும். வண்ண வண்ணக் கோடுகளோடு வரும் வீடியோவைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

படம் எடுக்கும் இடத்தில்

எவ்வளவு இடைவெளியில் எடுப்பது என்பதைச் செல்தான் சொல்ல வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் நிமிடத்துக்கு 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகவே நகரும். 10 நிமிட இடைவெளி போதும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓடும். அதற்கு 15 முதல் 30 விநாடி வேண்டும். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஹீலா புற்றுச் செல் உருண்டு பிரிந்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரை மணிக்கு ஒரு படம் எடுத்தால் இரண்டு ஃப்ரேமில் விஷயம் முடிந்துவிடும், தாயையும் சேயையும் கோக்க ஆதாரமே இருக்காது.

அதற்காக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவதும் ஆபத்து. தட்டு வைக்கும் மேடை ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் 1 மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். 10 நிமிட இடைவெளியில் அது நிமிடத்துக்கு 0.1 மைக்ரோமீட்டர் பொய் வேகம். 1 நிமிட இடைவெளியில் அதே தள்ளாட்டம் நிமிடத்துக்கு 1 மைக்ரோமீட்டர். ஃபைப்ரோபிளாஸ்ட்டின் உண்மை வேகத்தையே விழுங்கிவிடும். தடம் பிடிக்கும் முன்னால் ஃபிஜியின் ‘கரெக்ட் 3டி டிரிஃப்ட்’ கொண்டு நகர்வைக் கழித்துவிடுங்கள். செத்து ஒட்டிக்கிடக்கும் செல்லின் வேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் கழித்தல் சரி.

வெளிச்சமும் மருந்துதான், கெட்ட மருந்து. உட்கருவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயத்துக்குப் புற ஊதா வெளிச்சம் போட்டு 24 மணி நேரம் எடுத்தால் செல் பிரிதல் நின்றுபோவதற்கு உங்கள் மருந்து காரணமா, விளக்கு காரணமா என்று பிரிக்க முடியாது. ஒரே தட்டில் ஒரு குழியை வெளிச்சம் படாமல் வைத்து, கடைசியில் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். நெடுநேரத் தொடருக்கு ஹிஸ்டோனோடு (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் உட்கருப் புரதம்) ஒளிரும் புரதம் இணைந்த செல் வகை நல்லது. சிவப்பில் ஒளிர்வது இன்னும் நல்லது.

வடசென்னைக்கு என்று சில தொல்லைகள் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, கும்மிடிப்பூண்டி தடத்தில் சரக்கு ரயில், வண்ணாரப்பேட்டையில் தரைக்கு அடியில் மெட்ரோ. 10 மடங்கு லென்ஸில் இவை பெரிதாகத் தெரியாது. 60, 100 மடங்குக்குப் போனால் படம் நடுங்கும். மாடித் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணுக்கு அருகில், முடிந்தால் தரைத் தளத்தில் வையுங்கள். அதிர்வு மேசை வாங்கக் காசு இல்லை என்றால், கொஞ்சம் காற்று அடித்த ஸ்கூட்டர் டியூபின் மேல் கனமான கடப்பா கல், அதன் மேல் நுண்ணோக்கி. பார்க்க நன்றாக இருக்காது, வேலை நடக்கும்.

அதைவிடப் பெரிய எதிரி ஏ.சி. ஏ.சி. ஓடி நின்று ஓடி நிற்க, உலோகம் சுருங்கி விரிந்து ஃபோகஸ் நகரும். 20 மடங்கு, 0.75 துளை எண் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்கும் என்ற அளவு) லென்ஸின் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர்தான். 10 மடங்கு, 0.3 லென்ஸில் அது 6 மைக்ரோமீட்டர். 10 மடங்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம். ஹீலா உட்கரு 15 மைக்ரோமீட்டர் என்றால் அதில் 23 பிக்சல் கிடைக்கும். தடம் பிடிக்க அது போதும். கருவியையும் சூடேற்றும் பெட்டியையும் 37 டிகிரியில் 2 மணி நேரம் ஓடவிட்ட பிறகே முதல் படத்தை எடுங்கள். ஏ.சி. காற்று நேராக மேடையில் படக் கூடாது.

கடற்காற்று லென்ஸில் பூஞ்சை வளர்க்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் இது இன்னும் சீக்கிரம். வேலை இல்லாத நாளில் லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைக்கவும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். வெளியே ஈரப்பதம் எவ்வளவு இருந்தாலும் 37 டிகிரி பெட்டிக்குள் தட்டு காயத்தான் செய்யும். 96 குழித் தட்டில் ஓரக் குழிகளில் வெறும் நீர் ஊற்றி, நடுவில் உள்ளவற்றை மட்டும் படமெடுங்கள். கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் தர வழியில்லையென்றால் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பஸை 25 மில்லிமோலார் கலந்த வளர்ப்பு மீடியத்தில் சில மணி நேரம் சமாளிக்கலாம். ஒரு நாள் முழுக்க என்றால் அது செல்லுக்குச் செய்யும் துரோகம்.

மின்சாரம் ஒரு நொடி போய் ஜெனரேட்டருக்கு மாறினாலும் தொடர் அறுந்துவிடும். யு.பி.எஸ்-இல் கணினியையும் கேமராவையும் போட்டுவிட்டு, சூடேற்றியையும் வாயுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சுவரில் செருகுகிறவர்கள் உண்டு. படம் தொடர்ந்து வரும், செல் குளிரில் சுருண்டிருக்கும். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவையுங்கள், யு.எஸ்.பி. தூங்கும் வசதியை அணையுங்கள், ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிக் கோப்பாக உடனுக்குடன் சேமியுங்கள். படத்தைச் சுருக்கும்போது விவரத்தை இழக்கும் ஜேபெக் வேண்டவே வேண்டாம்.

கணினியும் இடமும்

2048-க்கு 2048 பிக்சல், 16 பிட் படம் ஒன்று 8 எம்.பி. 144 ஃப்ரேம், 3 நிறம், 20 இடம் என்றால் 67.5 ஜி.பி. ஒரே இரவில். அதைக் கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாபுக்கு ஏற்றிச் செய்யலாம். ஜீரோகாஸ்ட்டிஎல்ஃபார்மிக் என்ற இலவச நோட்புக் தொகுப்பில் ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் இரண்டும் இருக்கின்றன. ஆனால் விநாடிக்கு 40 மெகாபிட் ஏற்றும் வேகம் குறையாமல் கிடைத்தாலே 4 மணி நேரம் பிடிக்கும். நோயாளியின் மாதிரியிலிருந்து வந்த படம் என்றால் அனுமதி இல்லாமல் ஏற்றவும் கூடாது. ரிச்சி தெருவில் 8 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு ஜி.பி.யு.வைத் தேடிப் பிடிப்பது நீண்ட நாளைக்கு லாபம். 20 மடங்கில்தான் எடுப்பேன் என்றால் 2-க்கு 2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) போடுங்கள். கோப்பு நான்கில் ஒன்றாகக் குறையும், பிக்சல் அளவு 0.65-க்கே வரும். காப்புப் படி எடுத்த டிஸ்க்கைத் தரைத் தளத்தில் வைக்காதீர்கள். டிசம்பர் மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காசநோய் ஆய்வில் இந்த ஜோடிக்கு நல்ல வேலை இருக்கிறது. உண்மையான காசநோய்க் கிருமிக்கு உயிரிப் பாதுகாப்பு மூன்றாம் நிலை ஆய்வகம் வேண்டும். முறையைப் பழகுவதற்கு ஸ்மெக்மாட்டிஸ் என்ற நோய் உண்டாக்காத உறவுக்காரக் கிருமி போதும். ஆனால் அது 3 மணி நேரத்தில் இரட்டிக்கும், காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இடைவெளியை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். டி.எச்.பி.-1 என்ற மனித இரத்தப் புற்றுச் செல்லைப் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் கொடுத்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜாக மாற்றினால் தட்டில் ஒட்டிக்கொண்டு பிரிவதை நிறுத்திவிடும். தடம் பிடிக்க இதைவிட ஒத்துழைக்கும் செல் கிடையாது. ஒவ்வொரு செல்லின் எல்லைக்குள்ளும் ஒளிரும் கிருமியின் பரப்பை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கூட்டி, செத்த செல்லுக்குள் மட்டும் புகும் சாயமான புரோபிடியம் அயோடைடு உள்ளே புகுந்த நேரத்தைச் சாவு நேரமாகக் குறித்தால், எவ்வளவு கிருமி சேர்ந்த பிறகு செல் விழுகிறது என்பது செல் செல்லாகக் கையில் வரும்.

அட்டவணையைக் கையாளும்போது இரண்டு விஷயம். டிராக்மேட் தரும் சி.எஸ்.வி. கோப்பில் தலைப்பு வரிக்குக் கீழே இன்னும் 3 விளக்க வரிகள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் படிக்காவிட்டால் எண் பத்தி முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, முழு 24 மணி நேரமும் இருந்த தடங்களை மட்டும் வடிகட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம். வேகமாக ஓடும் செல்தான் பார்வைப் பரப்பை விட்டு முதலில் வெளியேறும். அதைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது சோம்பேறிச் செல்களின் சராசரி. வெளியேறிய செல்லை அந்த நேரம் வரை உயிரோடு இருந்தது என்று கணக்கில் வைத்து, நேரம் போகப் போக எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கப்லான்-மேயர் முறையில் வரையுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் கருவிகளில் இன்குசைட் என்ற படமெடுக்கும் கருவி, செல் வளர்க்கும் இன்குபேட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தட்டு அசையாது, லென்ஸ்தான் நகரும். தட்டு நிரம்பும் வேகம், புண் மூடும் வேகம் மாதிரி மொத்தக் கணக்குக்கு அது சுகம். செல்லுக்குச் செல் வம்சாவளி வேண்டும் என்றால் அதன் படத்தையும் கொண்டுவந்து டிராக்மேட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும், எண்ணை எழுதுவதற்கு முன் 30 தடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி வரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். டிராக்மேட்டில் தடங்களைக் கோடுகளாகக் காட்டும் டிராக்ஸ்கீம் சன்னலில் தப்பான கோட்டை அழித்து, சரியானதை இழுத்துவிடலாம், எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சேமித்தால் திருத்தம் அப்படியே இருக்கும். ஒரு பிற்பகல் பிடிக்கும். 30-இல் எத்தனை பிசகியது என்ற எண்ணைக் கட்டுரையின் முறைகள் பகுதியில், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.